களத்தில் நின்ற படகுக்கு மூன்றாவது ஆள்

பாய்மரப் படகு ஓட்டிப்போகும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. நீண்ட பயணத்துக்குப் படகை எப்படித் தயார்செய்வது என்று நான் பாடம் நடத்தப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, வீடியோக்கள் இருக்கின்றன, வீடியோவுக்குக் கீழே சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கயிறு இற்றுப்போனால் கண்ணுக்குத் தெரியும். பாய் கிழிந்தால் காதுக்குக் கேட்கும். கூட வருகிற ஆள் சரியில்லை என்பது மட்டும் கரை மறைந்த பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்வது? இறங்கிப் போ என்று சொல்ல முடியுமா?

அதனால் நான் ஆள் பிடித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னைக் கேலி செய்யலாம். என் மனைவி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாள்.

நான் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கேயோ இருக்கும் பணக்காரர்கள் வாங்குகிற பாய்மரப் படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து எடுத்து இன்னொரு துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதுதான் என் தொழில். அதிலிருந்து ஓய்வு பெற்று, இனிமேல் கடலைக் கரையிலிருந்துதான் பார்ப்பேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மகேந்திரன் என்று ஒருவர் தேடி வந்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து திரும்பியவர். அங்கிருந்து திரும்புகிறவர்கள் வழக்கமாக வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். இவர் தன் நெற்களத்தின் நடுவில் ஓர் இரும்புப் பாய்மரப் படகைக் கட்டியிருந்தார்.

போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் சம்பா பச்சைப்பசேல் என்று நிற்கிறது. நடுவில் சிமெண்டுக் களம். அதன்மேல் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, வெள்ளை வர்ணம் அடித்த படகு. கடல் அங்கிருந்து நல்ல தூரம். குறை சொல்ல வேண்டும் என்றே சுற்றிச்சுற்றி வந்தேன். வெல்டிங்கில் ஓர் இடத்தில்கூட விரல் வைக்க முடியவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

“எங்க போறதா உத்தேசம்?” என்று கேட்டேன்.

“சீஷெல்ஸுங்க. தம்பி அங்க கடை வச்சிருக்கான்.”

“பிளேன்ல போனா மறுநாளே தம்பியப் பாத்துடலாமே?”

“பிளேன்ல எல்லாருந்தானே போறாங்க,” என்றார்.

வாடைக்காற்று தை, மாசி வரைக்கும் கைகொடுக்கும். இலங்கையைச் சுற்றிக்கொண்டு, மாலத்தீவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தென்மேற்கே இறங்கிவிடலாம். பாதை எனக்குப் பழகியதுதான். வீட்டில் கொடுத்த வாக்கை அந்தக் களத்திலேயே வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தப் படகுக்கு உண்மையான முதலாளி வேறு ஒருவர். மகேந்திரனின் மனைவி தமிழ்ச்செல்வி. சொந்த நிலத்தோடு குத்தகைக்கும் எடுத்து மொத்த விவசாயத்தையும் பார்ப்பவர் அவர்தான். களம் அவருடையது, அறுப்பு அவருடையது, முடிவும் அவருடையது. எனக்குக் காபி கொடுத்துவிட்டு நிபந்தனையைச் சொன்னார்.

“அறுப்பு மெஷின் வர்ற அன்னிக்கு எனக்குக் களம் காலியா இருக்கணும்ண்ணே. அது ஒண்ணு. இன்னொண்ணு, இவரு தப்பான பஸ்ஸுல ஏறிட்டாக்கூட எறங்க மாட்டாரு. மன்னார்குடிக்குக் கெளம்பி தஞ்சாவூர்ல போய் நின்னுக்கிட்டு, ‘இங்கயும் ஒரு வேலை இருந்துச்சு’ன்னு போன் பண்ணுவாரு. உங்களப் பாத்தா நீங்களும் அந்த ஜாதிதான்னு தோணுது. ரெண்டு பேரையும் நிறுத்தத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரக் கொண்டாங்க. அப்பறம் யோசிக்கிறேன்.”

“ஆள் வரலேன்னா?”

“அறுப்பு முடிஞ்சதும் அதுல வைக்கோல் அடைச்சிடுவேன்.”

மகேந்திரன் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அன்று இரண்டு விஷயங்கள் எனக்குப் புரிந்தன. இந்தத் தையில் படகு கிளம்பாவிட்டால் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் வைக்கோல் நிரம்பிய படகைப் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்க்க வேண்டும். அதோடு, இந்தம்மா கோபத்தில் பேசவில்லை, பயத்தில் பேசுகிறார். கடலைப் பார்த்து அவருக்குப் பயமில்லை. புருஷனின் பிடிவாதம்தான் பயம்.

புரிந்ததே தவிர, நான் அந்த நிபந்தனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் கடல் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் முதன்முதலில் வேலை பார்த்த கேப்டனிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவனிடம் அனுபவம், சான்றிதழ் எதையும் கேட்க மாட்டார். கட்டிப்போட்டிருக்கும் படகில் சில நாள் கூடவே தங்கச் சொல்வார். சமைக்கணும், கழுவணும், குறட்டையைச் சகித்துக்கொள்ளணும். கரையில் இறங்கக் கூடாது. அதில் தேறினால் வேலை. நானும் கடைசிவரை அதையே கடைப்பிடித்தேன். இந்த முறை படகு தண்ணீரில் இல்லை, களத்தில் இருந்தது. இருந்தாலும் விதி விதிதானே. நானும் மகேந்திரனும் ஏணியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படகில் குடியேறினோம். வயலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “எதுவரைக்கும் வந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முதலில் என் மச்சான் சேகரைக் கூட்டி வந்தேன். அவனைப்போலக் கடல் தெரிந்தவன் எங்கள் கரையில் இல்லை. படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: “வலையெல்லாம் எங்க வைக்கிறது மாமா?”

“வலை இல்லடா. இது சும்மா போற படகு.”

“மீன் புடிக்காம எதுக்குக் கடலுக்குப் போறது?”

இத்தனை வருடம் பிழைத்த தொழிலைப் பற்றி என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. மறுநாள் மத்தியானமே சேகர் ஏணியைக் கீழே போட்டான். “கோவிச்சுக்காத மாமா. பறவை கூட்டமா விழுறதப் பாத்தா என் கை தானா திருப்பிடும். உன்னை மாலத்தீவுல விடாம மீன் பின்னாடியே கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.” இப்படித் தன்னைப் பற்றி உண்மை பேசுகிற ஆளை நிராகரிக்க வருத்தமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை.

அடுத்து வந்தவர் சரக்குக் கப்பலில் பல வருடம் இருந்தவர். சுத்தமானவர், சமையல் பிரமாதம், குறட்டை கிடையாது. மகேந்திரனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். ஒரு நாள் சாயங்காலம் விளையாட்டாக, “நங்கூரத்த அடுப்புக்கு மேல தொங்கவிட்டா எடம் மிச்சமாகும், இல்ல?” என்றேன்.

“தாராளமா தொங்கவிடலாங்க.”

“கேஸ் சிலிண்டரத் தலைமாட்டுல வச்சிக்கலாமா?”

“அதான் நல்லதுங்க. கைக்கு எட்டும்.”

நான் என்ன சொன்னாலும் அவர் சரி என்றார். மரியாதையான மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். கல்யாண வீட்டில் இப்படி நாலு பேர் இருந்தால் வேலை தானாக நடக்கும். நடுக்கடலில் நான் தூக்கக் கலக்கத்தில் தப்பான பக்கம் கையைக் காட்டினாலும் இவர் அந்தப் பக்கமே திருப்புவார். அவருக்கு நன்றி சொல்லி, அவர் செய்த வத்தக்குழம்பையும் சாப்பிட்டு முடித்து, அனுப்பிவைத்தோம்.

கதிர் பழுத்துவிட்டது. அறுப்பு மெஷினுக்கும் சொல்லியாயிற்று. மூன்றாவது ஆள் இல்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் களத்தைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், முதலில் படகை நாகப்பட்டினம் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். பெரிய லாரி மெயின்ரோட்டில்தான் நிற்கும். களத்திலிருந்து ரோட்டுக்கு வரும் பாதையில் ஒரு வாய்க்கால் பாலமும் இரண்டு வளைவுகளும் உண்டு. மகேந்திரன் செய்து வைத்திருந்த நாலு சக்கர வண்டியில் படகை ஏற்றியாயிற்று. டிராக்டரை முன்னால் கட்டினால் வளைவில் திரும்ப இடமில்லை. நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். ஊர்க்காரர்கள் சொறியவில்லை. வருடா வருடம் தேர் இழுக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா? வடத்தைக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வடம் பிடிக்க, யாரோ தேருக்குப் போடும் கோஷத்தையே போட, படகின் முன்னால் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். தாழ்வாகத் தொங்கிய கரண்டுக் கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்தார்கள். மகேந்திரன் வடம் பிடித்தவர்களுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தார். நான் கேப்டன் அல்லவா, மேல்தளத்தில் கையில் டீயோடு நின்றுகொண்டு, “இழு, இழு” என்று கத்தினேன். கடலில் எனக்கு யாரும் இப்படி மரியாதை செய்ததில்லை.

சக்கரத்தின் பக்கத்தில் புகழேந்தி நடந்து வந்தான். ஊரில் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். தேர் ஓடும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவது அவன் பொறுப்பு. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த மரக்கட்டைதான். கொஞ்சம் தப்பினால் கை போய்விடும். அதே கட்டையை எங்கள் வண்டிக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

முன்சக்கரம் வாய்க்கால் பாலத்தில் ஏறியது. தடால் என்று வண்டி நின்றது. டீ என் சட்டையில் இருந்தது.

“எவன்டா நிறுத்துனது?”

“நான்தாங்க,” என்றான் கீழேயிருந்து. “பாலம் சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு.”

“நெல்லு லாரியே போற பாலம். கட்டைய எடு!”

“லாரி போவுதுங்க. ஆனா இன்னைக்கு வேற மாதிரி கேட்டுச்சு.”

“நான் கேப்டன் சொல்றேன், எடு!”

“தண்ணியில நீங்க கேப்டனுங்க. சக்கரத்துக்கு நான்.”

கூட்டம் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. மகேந்திரனும், “டேய், எடுடா, நேரமாவுது” என்று கத்தினார். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். பாலத்துக்கு அடியில் போய்த் தட்டிப் பார்த்தான். இடுப்புவரை நனைந்து மேலே வந்தான்.

“பாலம் நல்லாத்தாங்க இருக்கு. ஒரு செங்கல்லு சக்கரத்துல மாட்டி ஒடஞ்சிருக்கு. அந்தச் சத்தம்தான். இழுங்க.”

அவனே கட்டையை உருவினான். வடம் பிடித்தவர்கள் விட்டுவைப்பார்களா? “செங்கல்லுக்குப் பயந்த சிங்கம்” என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

இரண்டாவது வளைவில் வண்டி மறுபடி நின்றது. இந்த முறை டீ இல்லாததால் சட்டை தப்பியது.

“இப்ப என்னடா?” என்று ஊரே கேட்டது.

“அடியில என்னமோ அசைஞ்சுச்சு,” என்றான். குனிந்து பார்த்தான். வண்டியின் நிழலோடு நிழலாக ஒரு நாய் நடந்து வந்துகொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு, “நாய்தான். இழுங்க” என்றான். இப்போது எழுந்த கூச்சல் மெயின்ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

என் கோபம் அந்த இடத்தில்தான் அடங்கியது. தம்பிகளே, தங்கைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் ஒருமுறை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அது வெறும் செங்கல் என்று தெரிந்து நாலு பேர் சிரித்த பிறகு, இரண்டாவது முறை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டு போவோம். நான் போயிருக்கிறேன், நீங்களும் போவீர்கள். இவனோ ஊர் முழுக்க வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதலாளியும் கேப்டனும் மாறிமாறிக் கத்த, கொஞ்சமும் கூசாமல் நிறுத்துகிறான். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதே வேகத்தில் கட்டையை எடுக்கிறான். தான் நிறுத்தியது சரிதான் என்று நிரூபிக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்ச்செல்வி கேட்ட ஆள் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தான்.

படகில் தங்கவைக்கும் என் சோதனையை அவனுக்கு வைக்கவில்லை. என் விதியை நானே மீறி, லாரியில் படகை ஏற்றியதும் நேராகக் கேட்டேன். அவன் கடலை வேளாங்கண்ணிக்குப் போனபோது முழங்கால் வரைக்கும் பார்த்தவன். ஆற்றில் நீந்துவான். “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க. ஆனா ஊர்த் தேருக்குள்ள திரும்பிடணும்” என்றான். வீட்டில் சரி என்றார்கள்.

நாகப்பட்டினத்தில் படகை இறக்கி, பாய்மரத்தை நிறுத்தி, பாயைக் கட்டி, ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். துறைமுகத்தைத் தாண்டியதுமே வாந்தி எடுக்க ஆரம்பித்தான். எடுத்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “இப்ப எந்தக் கயிறுங்க?” என்பான். சொன்ன கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு மறுபடி ஓரத்துக்குப் போவான். தினமும் போனோம். வாந்தி குறைந்தது, கயிறுகள் பிடிபட்டன. காகித வேலைகளைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன், அவையும் முடிந்தன.

தமிழ்ச்செல்வி மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லாதவர் அரிசியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார். புழுங்கல், பச்சை, இட்லிக்குத் தனி, கஞ்சிக்குத் தனி. அவருடைய நாத்தனார் பங்குக்கு அவல், சித்தி பங்குக்குப் பொரி. படகு அரை அடி தாழ்ந்துவிட்டது. உயிர்காப்புச் சட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் இட்லி அரிசி இருந்தது. பாதியைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாட்டில் ஒரு சின்னப் புயலைச் சமாளித்திருக்கலாம்.

கிளம்பும் நாள் வந்தது. ஜோசியரைக் கேட்டு நல்ல நேரம் குறித்து வந்தது மகேந்திரனின் அக்கா. சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தமிழ்ச்செல்வி களத்தில் நெல்லை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்து, ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கற்பூரம் காட்டினார்கள், மாலை போட்டார்கள். மகேந்திரன் மனைவியைப் பார்த்தார். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நான் எஞ்சினைப் போட்டு, “கயித்த அவுத்து விடுங்க” என்றேன்.

எஞ்சின் நின்றது. புகழேந்தி நிறுத்தியிருந்தான்.

“ஒரு சத்தங்க,” என்றான். “டக்கு டக்குன்னு. மோட்டார் சத்தம் இல்ல, கூட ஒண்ணு.”

“எனக்குக் கேக்கலையே,” என்றார் மகேந்திரன்.

“எனக்கும் கேக்கல. போயிக்கிட்டே பாத்துக்கலாம்டா,” என்றேன் நான்.

“பாத்துட்டுப் போலாங்க.”

அக்கா கரையிலிருந்து, “நேரம் போவுதுடா!” என்று கத்தினார். அவன் எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டான். பெல்ட்டைத் தொட்டான், குழாயைத் தொட்டான், தரைப்பலகையைத் தூக்கினான், அடுத்த பலகையையும் தூக்கினான். எனக்கு வேர்த்தது. நானும் மகேந்திரனும் நினைத்திருந்தால் அவனை ஒதுக்கிவிட்டு எஞ்சினைப் போட்டிருக்கலாம். போடவில்லை. இருவரும் மாலையும் கழுத்துமாக அவனுக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றோம். கரையில் ஒருவர் பின் ஒருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் நல்ல நேரம் போய், ராகு காலமும் பிறந்துவிட்டது.

புகழேந்தி வெளியே வந்தான். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

“இதாங்க உருண்டுக்கிட்டு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல. போலாம்.”

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஒரு டம்ளருக்காடா நல்ல நேரத்த விட்டீங்க? இனிமே ராகு காலத்துல யாரு கெளம்புவா? நாளைக்குப் பாப்போம், எறங்குங்க.” மகேந்திரன் முகம் செத்துப்போனது. நாளை என்பது நாளை மறுநாளாகும், அதற்குள் வேறு ஒரு காரணம் வரும், காற்று நின்றுவிடும், படகில் வைக்கோல் ஏறும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாலையைக் கழற்றப் போனார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி. எனக்குத் தெரிந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கயிறு கட்டியிருந்த தூணுக்கு வந்தார்.

“நல்ல நேரம் போனாப் போவட்டும் அண்ணி,” என்றார்.

“என்னடி சொல்ற, ராகு காலம்டி!”

“இருக்கட்டும். இவரு ஒரு எடத்துல நின்னு, அடுத்தவன் பாத்து முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தத என்னைக்காவது நீங்க பாத்திருக்கீங்களா?”

தமிழ்ச்செல்வி முடிச்சோடு கொஞ்சம் மல்லுக்கட்டி, கயிற்றை அவிழ்த்து, படகை நோக்கி வீசினார். அது பாதியிலேயே தண்ணீரில் விழுந்தது. புகழேந்தி எட்டி எடுத்தான். மகேந்திரன் அழுதுகொண்டே, “போயிட்டு வர்றேன் செல்வி” என்றார்.

அவர் கணவருக்கும் பதில் சொல்லவில்லை, கேப்டனான எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரையும் தாண்டி, ஈரக் கயிறோடு நின்றவனைப் பார்த்தார்.

“புகழு,” என்றார். “ரெண்டு பேரையும் பத்திரமாக் கூட்டிக்கிட்டு வந்துடு.”